பெக்கியின் காதில் சொன்ன சேர்மானம்

வேலூர் மாட்டாஸ்பத்திரியில் இப்போது நாய்களுக்கென்று தனியாக ஒரு மேசை வந்துவிட்டது. துத்தநாகத் தகடு அடித்து, நான்கு மூலையிலும் வார் கட்ட வளையம் வைத்த மேசை. பென்ஷன் விஷயமாக அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டுக் காட்டினார்கள். புதிதாக வந்திருக்கும் கம்பவுண்டர் ஒருவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, "உங்க காலத்துல நாய்க்கெல்லாம் வைத்தியம் இருந்திச்சா சார்?" என்று கேட்டார். நாய் என்ற பிராணியே அந்த மேசையோடு சேர்ந்துதான் மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் கொடுத்த காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. பதிலை எழுதியே கொடுத்துவிடுவது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

நான் மாட்டு வைத்தியத்துக்கு வந்தது மாட்டின் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. தபால் ஆபீஸில் இடமில்லை, ரயில்வேயில் உயரம் போதவில்லை, மிச்சமிருந்தது இதுதான். மெட்ராஸில் மருந்து கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எருமைக்கு மருந்து புகட்டும்போது எங்கே நிற்கக்கூடாது என்பதை ஓர் எருமையே கற்றுக்கொடுத்தது. அத்தோடு படிப்பு முடிந்தது, கம்பவுண்டராக ஆம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆம்பூர் நாய்கள் மற்ற ஊர் நாய்களைப் போல அல்ல. மற்ற ஊர்களில் நாய் கறிக்கடை வாசலில் படுத்திருக்கும். இங்கே தோல் ஷாப்பு வாசலில் படுத்திருக்கும். தோல் பதனிடும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். தோலிலிருந்து சீவி எறியும் ஜவ்வையும் கொழுப்பையும் சுண்ணாம்போடு சேர்த்து விழுங்கும், வயிறு வெந்துபோகும். பதனிட்ட துண்டைக் கடித்துத் தின்றால் இன்னும் மோசம். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு ஏறிய தோல் குடலுக்குள் போனால், குடலும் அப்படியே இறுகிக்கொள்ளும். தெருவோரத்தில் ஒரு நாய் முதுகை வளைத்துக்கொண்டு, எதையும் சாதிக்காமல், வெகுநேரம் யோசனையில் நிற்பதைப் பார்த்தால் அது எந்த ஷாப்பு நாய் என்று என்னால் சொல்லிவிட முடியும். விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இரண்டாவது காரியம் முதல் காரியத்தைவிட முக்கியம்.

நாயை வளர்க்கிறவர்களும் அப்படித்தான். வீட்டுக்கு ஓர் ஆளாவது தோல் வேலைக்குப் போகிற ஊர். நாயைக் கொண்டுவந்தால் பேர் சொல்ல மாட்டார்கள், வயசு சொல்ல மாட்டார்கள். கழுத்துச் சதையைப் பிடித்து இழுத்து, "முதுகு பரவால்ல, வயித்துப் பக்கம்தான் கொஞ்சம் லூசு" என்பார்கள். உயிரோடு நிற்கிற நாயைப் பார்த்து இப்படிப் பேசுகிறார்களே என்று முதலில் எனக்கு உடம்பு கூசியது. அப்புறம் பழகிப்போய்விட்டது. ஒருநாள் என் மாமனாரையே அந்தக் கண்ணோடு பார்த்துவிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சபாபதி. வெள்ளை டர்பன், முழங்கால் வரை நீண்ட மூடிய கோட்டு, வெயிலோ மழையோ அதே கோலம். டர்பனைக் கஞ்சி போட்டுக் கட்டுவார். அதில் ஓர் ஈ உட்கார்ந்தால்கூட வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஈ போகும்வரை காத்திருப்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாய்க்கு 'நீங்க', நாயைக் கொண்டுவந்த ஆளுக்கு 'நீ'. "அம்மா வாங்க. உக்காருங்க. காதைக் காட்டுங்க. நீ இன்னாடா நிக்கிறே, அவங்க தலையைப் பிடி" என்பார். ஆள் யார் என்பதெல்லாம் கணக்கே இல்லை. தோல் மண்டி வைத்திருந்த ஒரு பெரிய சாயபு ஒருமுறை முகம் சிவந்து, "டாக்டர், நாய்க்கு மரியாதை, எனக்கு இல்லியா?" என்று கேட்டார்.

"உனக்கு உடம்பு இன்னா பண்ணுது?" என்றார் டாக்டர்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே."

"அப்பால எதுக்கு மரியாதை?"

சாயபு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் நாயைத் திரும்பவும் எங்களிடம்தான் கொண்டுவந்தார். வேறு ஆஸ்பத்திரி வேலூரில்தான் இருந்தது.

டாக்டர் நாயைப் பார்க்கும் ஒழுங்கை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் சொல்வேன். முதலில் தொடமாட்டார். தூரத்திலேயே நின்று அது மூச்சு விடுவதைப் பார்ப்பார். பிறகு புறங்கையை மூக்குக்கு நீட்டுவார். காதை முகர்ந்து பார்ப்பார். காதில் கெட்ட வாடை வந்தால் உள்ளே சீழ், இல்லாவிட்டால் உண்ணி. பிறகு உதட்டைத் தூக்கி ஈறின் நிறம். வெளுத்திருந்தால் வயிற்றில் பூச்சி, அதற்குப் பாக்குத்தூள். கடைசியாகத்தான் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். உண்ணியைப் பிய்த்து எடுக்கக்கூடாது என்பதில் அவர் மகா பிடிவாதம். பிய்த்தால் தலை உள்ளேயே தங்கிப் புண்ணாகும். அடியோடு பிடித்து, திருகாமல், மெதுவாக நேரே இழுக்க வேண்டும். இதை அவர் எங்கள் ஊர் ஜனங்களுக்கு எத்தனை முறை சொன்னாலும், தலையாட்டிவிட்டுப் போய்ச் சுருட்டு நெருப்பால் சுடுவார்கள். உண்ணி செத்துப்போகும், நாய் நொண்டும்.

ஒரு தடவை பஜார் தெருவே வீட்டுக்கூரை மேல் ஏறி நின்றது. செருப்புக் கடைக்காரர் ஒருவரின் நாய் வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுக, நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. வெறி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் எச்சில் மேலே பட்டதாக நினைத்த பேர்கள் எல்லோரும் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளக் குன்னூருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒருவரைத் தேடி ஆள் போயிருந்தது. டாக்டர் கைக்குக் கனத்த தோலுறை மாட்டிக்கொண்டு, இரண்டு நாடாவை மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் போட்டு என்னை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, தூர நின்றபடியே உள்ளே பார்த்தார். மேல் அண்ணத்தில், இந்தப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் குறுக்கே, செருப்புக் குதிகாலுக்கு வைக்கிற தோல் வில்லை ஒன்று கச்சிதமாக மாட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்ததும் நாய் வாயை மூடியது, திறந்தது, மூடியது. பிறகு தெருவிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் பாதியைக் குடித்தது. கூரை மேல் நின்றவர்கள் இறங்க வழி தெரியாமல் ஏணி கேட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நாய் வாயில் கையை விட வேண்டாம். வெறி பிடித்த நாயும் முதலில் அப்படித்தான் நிற்கும். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள்.

இதெல்லாம் சில்லறை. நான் சொல்ல உட்கார்ந்தது பெக்கியின் கதை.

ஜெர்மன் சண்டை முடிந்து தோல் வியாபாரம் திரும்பவும் தலை தூக்கிய சமயம். ஆம்பூரில் ஒரு பெரிய தோல் ஷாப்புக்குச் சீமைக் கம்பெனியிலிருந்து வருஷாவருஷம் ஒரு துரை வருவார். தோலைக் கையால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிப்பது அவர் வேலை. அவர் வேண்டாம் என்று தள்ளினால் அந்தக் கட்டு கப்பல் ஏறாது. ஷாப்பு முதலாளி, அவர் வேறொரு சாயபு, அவர் உட்பட எல்லோரும் அந்த மனிதரின் கட்டைவிரலைப் பார்த்து நடுங்குவார்கள். அவர் கோடைக்கு நீலகிரிக்குப் போகும்போது, பெக்கி என்ற தன் வெள்ளை நாயைச் சாயபுவிடம் விட்டுவிட்டுப் போனார். நீளமுடியும் தொங்கு காதும் உள்ள சீமை நாய். ரயிலில் அதற்கு வயிறு புரட்டுமாம்.

பெக்கி வந்த சில நாட்களில் ஊர் நாய்களோடு சினேகமாகி, சொறியையும் வாங்கிக்கொண்டாள். முதுகில் முடி கொட்டித் தோல் சிவந்து, பொருக்கு தட்டியது. சாயபு எங்களிடம் அனுப்பினார். கந்தகத்தை எண்ணெயில் குழைத்துப் பூசச் சொன்னார் டாக்டர். படுக்கைச் சாக்கைக் கொளுத்த வேண்டும், சங்கிலியை வெந்நீரில் போட வேண்டும், பொறுமையாகப் பல வாரம் செய்ய வேண்டும். சொறி என்பது தோலுக்குள் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதற்கு அவசரம் தெரியாது, நமக்கும் தெரியக்கூடாது. இதுதான் வைத்தியம், இன்றைக்கும் இதுதான்.

சாயபுவுக்கோ துரை திரும்பி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி வழுக்கையான நாயை எப்படிக் காட்டுவது? தூக்கம் போய்விட்டது மனிதருக்கு. அப்போது வந்து நின்றார் வரதன் மேஸ்திரி.

வரதன் மேஸ்திரி அந்த ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பொறுப்பு. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியைக் கழற்றுவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தொட்டியில் என்னென்ன சேர்க்கிறார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எல்லா மேஸ்திரிகளும் அப்படித்தான். சேர்மானத்தை வெளியில் சொன்னால் மறுநாளே அவர்கள் இல்லாமல் வேலை நடந்துவிடும். வரதனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயசான உஸ்தாத். எந்த மனுஷனிடமும் சொல்லமாட்டேன் என்று தன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"சொறி இன்னா சொறி, அதுவும் தோல்தானே சாயபு?" என்றாராம் மேஸ்திரி. "தோல் வேலையை மாட்டாஸ்பத்திரியில கேக்கறீங்களே. எங்கிட்ட வுடுங்க."

விட்டார். அதுதான் வினை. அந்த ஊரைத் தவிர வேறெங்கும் யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. மேஸ்திரி அந்த நாயை ஒரு நல்ல ஆட்டுத்தோலுக்கு என்ன மரியாதை செய்வாரோ அத்தனையையும் செய்தார். வெந்நீரில் அலசினார். தொட்டித் தண்ணீரை மேலெல்லாம் பூசி ஊறவிட்டார். முடி கழன்றதும் மழுங்கின கத்தியால் முதுகிலிருந்து வால் வரை வழித்தார். மறுபடியும் அலசி, ஆவாரம்பட்டைக் கஷாயத்தில் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, தோல் காயப்போடும் கொட்டகையில் காற்றோட்டமாகக் கட்டிவைத்தார். ஆணியடித்து விரிப்பதுதான் பாக்கி. சாயங்காலம் சாயபு போய்ப் பார்த்தபோது, வெள்ளை நாய் நின்ற இடத்தில் புதுச் செருப்பு நிறத்தில் வழவழவென்று ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்ததாம். சாயபு அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தன்னை மறந்து, "நல்லா வந்திருக்கு மேஸ்திரி" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் தோல் தன்னைத்தானே நக்கிக்கொள்ளாது. நாய் நக்கும்.

மறுநாள் காலையில் ஜட்கா வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. டாக்டரும் நானும் மருந்துப் பெட்டியோடு ஓடினோம். கொட்டகையில் பெக்கி ஒரு கோணியின் மேல் கிடந்தாள். வாந்தி, கழிச்சல், கண் குழிவிழுந்து கிடந்தது. நாக்கு வெந்திருந்தது. வயிற்றுப் பக்கம் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. சாயபு ஒரு பக்கம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மேஸ்திரி நாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சாயபு அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்: நாய் செத்தால் நாளையிலிருந்து ஷாப்பு பக்கம் தலைகாட்டக்கூடாது.

டாக்டர் தூரத்தில் நிற்கவில்லை, நேரே மண்டியிட்டு உட்கார்ந்தார். "அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"தொட்டியில சுண்ணாம்போட இன்னா போட்டே?"

மேஸ்திரி முண்டாசை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"உன் தொழில் ரகசியம் எனக்கு வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. சீமைச் சோடாவா, தாளகமா?"

தாளகம் என்பது பாஷாண வகை. முடி சீக்கிரம் கழல்வதற்குச் சில மேஸ்திரிகள் அதைச் சேர்ப்பார்கள், சிலர் சீமைச் சோடாவைச் சேர்ப்பார்கள். டாக்டருக்கு இது தெரியாமல் கையை வைக்க முடியாது. பாஷாணமாக இருந்தால் உடனே வாந்தி எடுக்கவைத்து வயிற்றைக் கழுவி, மாற்று மருந்து கொடுக்க வேண்டும். சோடாவாக இருந்தால் வாந்தி எடுக்கவைப்பதே கொலை. போன வழியைச் சுட்டது திரும்பி வரும்போது மறுபடியும் சுடும். பெக்கி இருந்த நிலைமையில் ஒரு தப்பைத் தாங்கமாட்டாள். பாஷாணம் உள்ளே போனால் வாயில் பூண்டு வாசனை வரும் என்று சொல்வார்கள். டாக்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பூண்டு வாசனை தூக்கியடித்தது.

"நேத்து ராத்திரி அதுக்கு இன்னா குடுத்தே?"

"முடியில்லாம நடுங்கிக்கினு இருந்திச்சேன்னு பூண்டு ரசம் குடுத்தேன்" என்றார் மேஸ்திரி.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். அவர் கோபத்தை அடக்கும் விதம் அது.

இந்த இடத்தில் சாயபு ஓரடி முன்னால் வந்தார். "சொல்லிடு மேஸ்திரி. நாய் சாவுது பாரு. முழுசா சொல்லிடு, ஒண்ணு வுடாம." குரலில் பதைப்பு இருந்தது. ஆனால் அவருடைய இரண்டு காதும் கிட்டத்தட்ட மேஸ்திரியின் வாய்க்குள் இருந்தன. எத்தனையோ வருஷமாக அந்தச் சேர்மானத்துக்காக அலைந்த மனிதர். மேஸ்திரி அவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். சொன்னால் முதலாளிக்கு இனி மேஸ்திரி வேண்டாம். சொல்லாவிட்டால் நாய் செத்து, அப்போதும் மேஸ்திரி வேண்டாம். அந்த மனுஷன் மேல் அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "முதலாளி, நீ வெளியே போ. அவங்களுக்குக் காத்து வேணும்" என்றார்.

சாயபு போனார். கதவுக்கு வெளியே போனவர் கதவோடு ஒட்டிக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் போய், "அந்தக் கடைசி மரத்துகிட்ட போய் நில்லுங்க பாய்" என்று அவரைக் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

அப்போதும் மேஸ்திரி அசையவில்லை. அழ ஆரம்பித்துவிட்டார். "எந்த மனுஷங்கிட்டயும் சொல்லமாட்டேன்னு உஸ்தாத் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக்கிறேன் டாக்டரே. நான் இன்னா பண்ணுவேன்?"

டாக்டர் பெக்கியைப் பார்த்தார். பிறகு, வேடிக்கையாக அல்ல, மருந்துச் சீட்டு எழுதும்போது எப்படிப் பேசுவாரோ அப்படியே சொன்னார்: "மனுஷங்கிட்டதானே சொல்லக்கூடாது? இவங்ககிட்ட சொல்லு. இவங்க மேல பூசினே. இன்னா பூசினேன்னு தெரிஞ்சிக்க இவங்களுக்கு ரைட்டு இருக்குது."

"நீங்க ரெண்டு பேரும் இருக்கறீங்களே?"

"நாங்க செவுத்தைப் பாத்துக்கினு நிக்கறோம். நீ அவங்ககிட்ட பேசறே. நாங்க ஒட்டுக் கேக்கறோம். பாவம் எங்களுது."

இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். சர்க்கார் சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர்களைப் போல நின்றோம். பின்னால் மேஸ்திரி மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, பெக்கியின் தொங்கு காதைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், குரல் ஒரு மாதிரி மூடிக்கொண்டு வந்தது.

"தாயி, கேட்டுக்கோ. யாருகிட்டயும் சொல்லக்கூடாது. மொதல்ல பழைய சுண்ணாம்புத் தண்ணி. அதுல ஒரு பங்கு புதுசு. அப்பால தாளகம்..."

டாக்டர் அந்தச் சொல்லிலேயே திரும்பிவிட்டார். "கடுகு, வெந்நீர்" என்று எனக்குச் சொன்னார். ஆனால் மேஸ்திரி நிறுத்தவில்லை. உஸ்தாதின் சேர்மானத்தைப் பாதியில் விடுவது அவருக்கு அவமரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். நான் வாந்திக்குக் கடுகைக் கரைத்துப் புகட்ட, டாக்டர் பெக்கியின் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு எத்தனை அளவு, எப்போது கிளற வேண்டும், அமாவாசைக்கு என்ன மாற்ற வேண்டும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பெக்கி இடையில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அவர் கொஞ்சம் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மாற்று மருந்து உடனுக்குடன் தயார் செய்ய வேண்டியது. புட்டியில் இருந்த இரும்பு திராவகத்தையும் சோடா உப்புத் தண்ணீரையும் கலந்தால் செங்கல் கரைத்தது போலச் சிவந்த வண்டல் இறங்கும். அதைத் துணியில் வடிகட்டி, நன்றாக அலசி, அந்தச் சேற்றைத்தான் ஊட்ட வேண்டும். அது பாஷாணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு தோல் ஷாப்பில் சுத்தமான துணிக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் சுண்ணாம்பு. டாக்டர் தன் டர்பனைத் தலையிலிருந்து எடுத்தார். நாலு மடிப்பு பிரித்து என் கையில் கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் தலையை நான் பார்த்ததே கிடையாது. தலை சாதாரணமாகத்தான் இருந்தது.

நாய்க்கு மருந்து ஊட்டுகிறவர்கள் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றுவார்கள். அது நெஞ்சுக்குள் போய் நாய் செத்துப்போகும், நோய் மேல் பழி விழும். தலையை நேராக வைத்து, கடைவாய்ப் பக்கம் உதட்டைப் பை போல இழுத்து, அதில் ஸ்பூனால் கொஞ்சங் கொஞ்சமாக விட வேண்டும். விழுங்கின பிறகுதான் அடுத்தது. டாக்டர் ஊட்டினார். நான் மேலிருந்த சுண்ணாம்பு போகத் தண்ணீர் விட்டு விட்டு அலசினேன். கடைசி அலசலுக்கு மோர் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் மேஸ்திரி முகம் தெளிந்து, "அதான் சரி, நாங்களும் புளிச்ச தண்ணியிலதான் சுண்ணாம்பை எடுப்போம்" என்று ஓடிப்போய்க் குடத்தோடு வந்தார்.

பெக்கி பிழைத்தாள். மறுநாள் கஞ்சி குடித்தாள். அடுத்த வாரம் என் விரலைக் கடித்தாள். உயிர் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. சொறி இன்னும் போகவில்லை என்று டாக்டர் கந்தகம் பூசச் செய்தார். முடி மெதுவாக முளைக்க ஆரம்பித்தது. சொறி போனது கந்தகத்தாலா, தன் தொட்டியாலா என்று மேஸ்திரிக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. அதை டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

துரை வந்தார். நாய்க்குச் சொறி வந்து முடி கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் பார்த்துச் சரிசெய்தோம் என்று மட்டும் சொல்வதாக ஷாப்பில் பேசிவைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி தொட்டிப் பக்கமே இருக்க வேண்டும், முன்னால் வரக்கூடாது என்பது சாயபுவின் உத்தரவு. மேஸ்திரியோ வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றுவிட்டார். துரை எதிரில் அவரைத் தள்ளி விடவும் முடியவில்லை. டாக்டர் மாதனூரில் ஏதோ மாட்டைப் பார்க்கப் போயிருந்தார், ஆஸ்பத்திரி சார்பில் நான்தான் நின்றேன்.

துரை கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெக்கியை மடியில் மல்லாத்தினார். சாயபு சொறிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். துரை கேட்டாரோ என்னவோ, அவருடைய கட்டைவிரல் தன்பாட்டுக்கு அந்தக் குட்டை முடிக்குள் நுழைந்து, வயிற்றுத் தோலை அமுக்கி, மடித்து, விரித்து, திரும்ப மடித்தது. பழக்க தோஷம். அந்த விரல் நின்றது. துரை நிமிர்ந்து பார்த்தார்.

"வயிறு. சுண்ணாம்பு ஜாஸ்தி" என்றார்.

சாயபு அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவோடு போயிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

"யாரு சொன்னது தொரை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வரதன் மேஸ்திரி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சுண்ணாம்பு ஜாஸ்தியே கெடையாது. வெச்ச நேரம் சரி, கழுவின தண்ணி சரி. வயித்துத் தோல் பொறவியிலியே தளர்ச்சி. உங்க நாயி அப்படி."

சாயபு கண்ணை மூடிக்கொண்டார். நான் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். துரைக்கு எல்லாம் புரிய அதற்குமேல் நேரம் பிடிக்கவில்லை. முகம் ரத்தச் சிவப்பானது. பெக்கியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் காரை நோக்கி நடந்தார். சாயபு பின்னாலேயே ஓடி, இந்த ஆளை இந்த நிமிஷமே வேலையிலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு போனார்.

மேஸ்திரியும் ஓடினார். வேலைக்காகக் கெஞ்ச ஓடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கார் நகரும்போது அதன் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியபடி, "தொரை, நெழல்ல பாத்தீங்க. நெழல்ல தரம் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க. வெயில்ல பாருங்க தொரை, ஒரு வாட்டி வெயில்ல பாருங்க" என்று கத்தினார். அழுதுகொண்டே கத்தினார்.

கார் கேட்டண்டை நின்றது. துரை இறங்கினார். அவர் அடிக்கப்போகிறார் என்று நான் ஓடினேன். அவர் அடிக்கவில்லை. பெக்கியைத் தூக்கி நடுவெயிலில் பிடித்து, வயிற்றைத் திருப்பி, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முகம் தொடுகிற அளவு குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் மூன்று இடத்தில் அமுக்கினார். தோல் கட்டுக்குக் கொடுக்கிற அத்தனை நேரத்தையும் அந்த நாயின் வயிற்றுக்குக் கொடுத்தார். தெருவில் போன கட்டை வண்டிகள்கூட நின்றுவிட்டன.

"சரி" என்றார் கடைசியில். "சுண்ணாம்பு ஜாஸ்தி இல்லை. என் தப்பு." பிறகு சாயபுவைத் திரும்பிப் பார்த்து, "இந்த ஆள் தொட்டியில் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நான் வரமாட்டேன். ஆனால் நாயை இனிமேல் ஆஸ்பத்திரியில்தான் விட்டுவிட்டுப் போவேன்" என்றார்.

வேலை தப்பியது மேஸ்திரியின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் கேட்டண்டையே தரையில் உட்கார்ந்து, முண்டாசை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தோளைத் தொட்டேன்.

"எங்க உஸ்தாத் சுண்ணாம்பு ஒரு நாளும் ஜாஸ்தியானதில்ல கம்பவுண்டரே" என்றார்.

பெக்கி காரின் பின்சீட்டில் ஏறி, எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், வயிற்றை நக்கிக்கொண்டே போய்விட்டாள்.